ரயில் வருது சார்

“கேட்டைத் தொறக்கப் போறியா, இல்லியா?”

காரின் கண்ணாடியை இறக்கி ரஞ்சித் கத்தியது காற்றில் பாதிதான் கேட்டது. கேட் கீப்பர் தங்கபுஷ்பம் திரும்பவில்லை. சுருட்டிய பச்சைக் கொடியை மழைக்கோட்டோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, ரயில் வரும் திசையையே பார்த்து நின்றாள்.

“ரயில் வருது சார். கொஞ்சம் இரு.”

புயல் கரையைத் தொட இன்னும் அரைநாள் இருந்தது. அதற்குள் எண்ணூரில் கடல் ரோட்டுக்கே வந்துவிட்டது. கேட்டுக்கு அந்தப் பக்கம், முகத்துவாரத்தை ஒட்டிய பள்ளத்தில்தான் ரஞ்சித்தின் குடோன். உள்ளே தரையோடு தரையாக அடுக்கிய சிமெண்ட் மூட்டைகள். தண்ணீர் பட்டால் அத்தனையும் கல்.

அவன் காருக்குப் பின்னால் ஒரு மினி லாரி. அதில் மணல் மூட்டைகள், தார்ப்பாய், சுமை தூக்கும் ஆட்கள். வண்டி போக இந்த ஒரு கேட்தான் வழி.

ரஞ்சித் இறங்கி வந்தான். விரித்த குடை அப்போதே பின்பக்கம் மடங்கிக்கொண்டது. அவளுக்கு இடது பக்கமாக நின்று என்னவோ சொன்னான்.

“இந்தாண்ட வந்து சொல்லு சார். அந்தக் காது கேக்காது.”

வலது பக்கம் வந்தான். அந்தக் காது ஏன் கேட்காது என்று அவன் யோசிக்கக்கூட இல்லை. அடித்தவனுக்கு எங்கே ஞாபகம் இருக்கும்?

போன ஆடி மாசம். இதே இடம், இதே கார். ஸ்டேஷனிலிருந்து போன் மணி அடித்தது, அவள் கேட்டை மூடினாள். “வராத ரயிலுக்கு இன்னாடி கேட்டு?” என்று அத்தனை பேர் முன்னாலும் ஓங்கி ஓர் அறை விட்டான் ரஞ்சித். விரல் பதிந்த கன்னத்தோடுதான், அடுத்த நிமிஷமே வந்த ரயிலுக்கு அவள் பச்சைக் கொடி காட்டினாள்.

புகார் கொடுக்கக் கிளம்பினாள். ‘பெரிய இடம், பகைச்சுக்காதே’ என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அந்தக் காதுக்குள் அன்று இரைய ஆரம்பித்த வண்டு மட்டும் இன்னும் நிற்கவில்லை.

“இந்தப் புயல்ல எந்த ரயிலும்மா ஓடுது?” என்றான் ரஞ்சித்.

“லேட்டா ஓடுது சார். காத்துக்கு அங்கங்க நிறுத்தி நிறுத்தி உடுறாங்க. எப்ப வரும்னு யாரு கண்டா? வந்தா சும்மா சீறிகினு வரும்.”

“ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கேளேன்!”

“காலைலேர்ந்து அந்தப் போன்ல ஒரு மணி அடிக்கல சார்.”

தன் செல்போனை எடுத்துப் பார்த்தான். அதிலும் டவர் இல்லை. “எல்லா லைனும் புட்டுக்கிச்சு” என்று பல்லைக் கடித்தான்.

அதற்குள் பைக்கில் வந்த ஒருவன் வழக்கம்போல வண்டியைச் சாய்த்து, கேட்டுக்கு அடியில் புகுந்து போய்விட்டான்.

“அவன் மட்டும் பூந்து போறான்?”

“அவன் உசுரு, அவன் பாடு. உன் காரு மேல ரயில் ஏறுனா என் வேலை பூடும் சார். டீ குடிக்கிறியா? பிளாஸ்க்ல சூடா கீது.”

ரஞ்சித்தின் கை மேலே போனது. லாரியிலிருந்து குதித்து ஓடிவந்து அதைப் பிடித்தார் சுமையாட்களின் மேஸ்திரி சௌக்கத் அலி.

“வேணாம் மொதலாளி! அன்னிக்கும் ரயில் வர்லன்னுதானே இந்தம்மாவ அடிச்ச? அடுத்த நிமிசமே வந்துச்சா இல்லியா?”

ரஞ்சித் அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தான். கை தானாகக் கீழே இறங்கியது. காரியம் ஆகவேண்டுமே, குரலும் இறங்கியது.

“அது ஏதோ கோவத்துல... மனசுல வெச்சுக்காதம்மா.”

“மனசுல ஒண்ணும் இல்ல சார்” என்றாள் தங்கபுஷ்பம். பொய் இல்லை. அது காதில் இருந்தது.

“சரி, ஆளுங்கள நடந்து போகச் சொல்லு” என்று சௌக்கத் அலியிடம் சீறினான்.

“இந்தக் காத்துல மணல் மூட்டையத் தலையில தூக்கினு எப்டி மொதலாளி போறது? வண்டி போனாத்தான் ஆவும்.”

ரஞ்சித் காருக்கும் கேட்டுக்குமாக நடந்தான். கையைப் பிசைந்தான். எந்தச் சாமிக்கு என்ன வேண்டிக்கொண்டானோ, மழை மட்டும் வலுத்தது.

அப்போது தண்டவாளத்துக்கு நடுவிலேயே, ஓர் அவசரமும் இல்லாமல், தலையில் துணி மூட்டையோடு ஒருத்தி வந்தாள். முகத்துவாரக்குப்பத்துக் குப்பம்மா. பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போகிறவள்.

“யக்கா, குடோனாண்ட இன்னா நெலம?” என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

“இன்னா நெலமயா? கதவு பிச்சுகிச்சு, உள்ள முட்டி அளவு தண்ணி. மூட்டையெல்லாம் கஞ்சியா கரைஞ்சு ஓடிகினு கீது!”

ரஞ்சித் கார் பானெட்டில் இரண்டு கைகளையும் ஊன்றி, தலையைத் தொங்கப்போட்டு நின்றான்.

தங்கபுஷ்பம் பச்சைக் கொடியைத் தன் அறைக்குள் வைத்துவிட்டு வந்தாள். நிதானமாகச் சக்கரத்தைச் சுற்றினாள். கேட் மேலே எழும்பியது.

ரஞ்சித் நிமிர்ந்தான். காலியான தண்டவாளத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான்.

“இன்னும் ரயில் வரவே இல்லியேம்மா?”

“எல்லா ரயிலும் காலைலயே கேன்சலு நைனா. வராத ரயிலுக்கு கேட்டு போட்டா எப்டி இருக்கும்னு இப்பத் தெரிஞ்சுதா?”