ரப்பர் நோயாளியின் பெயர்

"பொம்மை பதில் சொல்லாதுடி. நீயே கேட்டு, நீயே சொல்லிக்கணும். போன வாட்டி மாதிரி வாய மூடிக்கினு நின்னா இந்த வருஷமும் ஃபெயிலுதான்," என்றாள் மார்க் தாளோடு நின்ற தோழி ஸ்வர்ணலதா.

மறுநாள் நர்சிங் செய்முறைத் தேர்வு. திருப்பதி காலேஜ் லேபில், கட்டிலில் கிடந்த ரப்பர் நோயாளியிடம் கோதா நடுக்கத்தோடு பேர் கேட்டாள். பதிலையும் அவளே வாய்க்கு வந்தபடி சொன்னாள்: "கிருஷ்ணம்மா."

"வயசு?" என்று அவளே கேட்டாள்.

"நாற்பத்தொண்ணு. ஊர் ஏர்பேடு."

ஸ்வர்ணலதா மார்க் தாளைக் கீழே வைத்தாள். காலையிலிருந்து ஒவ்வொருத்தராகத் தனியே வந்து ஒத்திகை பார்த்த ஆறு பேரும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். அவளும்தான்.

கோதாவுக்கு இப்போது நடுக்கம் இல்லை. அடுத்த கேள்வியைத் தடுமாறாமல் கேட்டாள்: "கூட யார் வந்திருக்காங்க?"

பதில் சொல்ல, கட்டிலருகே காலியாக இருந்த ஸ்டூலைப் பார்த்து வாய் திறந்தாள்.

"கோதா, அதுக்கு மட்டும் பதில் சொல்லாதடி."