முடிஞ்ச காரும் முடியாத காரும்

சுவரில் இருந்த படத்துக்கு மாலை போட்டிருந்தது. படத்தில் ஒரு மனிதர் சிவப்பு மஸ்டாங் கார் ஒன்றின் பொனற்றில் கையை ஊன்றியபடி, உலகத்தையே வென்றவர்போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அனோஜினி உடனே தன் முகத்தைச் செத்தவீட்டு முகமாக மாற்றிக்கொண்டாள். பக்கத்துக் கதிரையில் இருந்த கணவன் துஷாந்தனின் தொடையில் ஒரு கிள்ளும் கிள்ளினாள். அவன் படத்தில் மனிதரைப் பார்க்கவில்லை, காரின் சில்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆறு வருசம் அந்தக் கராஜுக்குள்ளயே கிடந்தவர்," என்று பெருமூச்சு விட்டாள் வீட்டுக்காரி சிவகௌரி. "ஒருமாதிரித் திருத்தி முடிச்சார். அதோட எல்லாம் போச்சுது, தங்கச்சி. எட்டு மாசமாச்சு."

அனோஜினி துஷாந்தனைத் திரும்பிப் பார்த்தாள். லண்டன் கிங்ஸ்பரியில் அவர்களுடைய கராஜுக்குள்ளும் ஆறு வருடமாக ஒரு மஸ்டாங் கிடந்தது. மஸ்டாங் என்பது மரியாதைக்குச் சொல்வது. நான்கு செங்கல் அடுக்கு, அதன்மேல் துருப்பிடித்த கறள், கறளின்மேல் துஷாந்தன்.

வேலையால் வந்தால் கராஜ், சனி ஞாயிறும் கராஜ். இவ்வளவு காலத்தில் அவன் பூட்டியதைவிடக் கழற்றியதே அதிகம். அனோஜினி தனியே சாப்பிட்டாள், தனியே தனக்குப் பிடித்த நாடகங்களைப் பார்த்தாள், கட்டிலில் குறுக்கே படுத்துத் தனியே நித்திரை கொண்டாள்.

போன கிழமை தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "திருத்தி முடிச்ச கார் ஒண்டை வாங்கிப்போட்டு, அந்தக் கறளைப் பழைய இரும்புக்காரனிட்டக் குடுங்கோ. இல்லாட்டி அதோடயே குடும்பம் நடத்துங்கோ."

அப்படித்தான் சிவகௌரி போட்ட விற்பனை விளம்பரத்தைப் பார்த்து, லண்டனின் மறுமுனையில் இருக்கும் சட்டனுக்கு வந்திருந்தார்கள். ஆனால் வந்த பிறகும், சிவகௌரி தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனதும் துஷாந்தன் இழுத்தான்.

"சொந்தக் கையால திருத்தினாத்தான் அனோ, அது கார். முடிஞ்சதை வாங்கிறது, ஆரோ எழுதின சோதினைக்கு நான் சேட்டிபிக்கற் வாங்கின மாதிரி."

"அந்த மனுசனும் சொந்தக் கையாலதான் திருத்தினவர்," அனோஜினி கண்ணால் சுவரைக் காட்டினாள். "இப்ப மாலையோட தொங்கிறார்."

அந்தப் பேச்சு வேலை செய்தது. துஷாந்தன் சிவகௌரியிடம் கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு மெல்ல வெளியே போனான்.

அனோஜினி தேத்தண்ணிக்கு உதவி செய்யக் குசினிக்குள் போனாள். அங்கே கரண்டிகள் எல்லாம் சுவரில் சிறிதிலிருந்து பெரிதாக, ஸ்பானர்கள்போல வரிசையாகத் தொங்கின. போத்தல் ஒவ்வொன்றிலும் ஓர் ஆணின் சதுரமான கையெழுத்து: 'மிளகாய்த்தூள். 4-ஏ. இடப்பக்கத் தட்டு. மூடியை இரண்டரைச் சுற்று இறுக்கவும்.'

பாவம், நினைவுக்காக அப்படியே வைத்திருக்கிறாள் என்று அனோஜினிக்குக் கண் கலங்கியது.

வெளியே எஞ்சின் உறுமியது. தட்டிலிருந்த 4-ஏ நடுங்கியது. அந்தச் சத்தத்தோடு முன்கதவும் திறந்தது. கையில் இரண்டு சாமான் பையுடன், படத்தில் மாலையோடு இருந்த மனிதர் குசினிக்குள் வந்து நின்றார்.

தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டிருந்த அனோஜினி, கரண்டியை நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"கௌரி, பருப்பு பதினெட்டு நிமிசம் எண்டு எழுதி ஒட்டினனானெல்லே?" அவர் சட்டி மூடியைத் திறந்து பார்த்தார். "இப்ப இருபத்தொண்டு." பிறகு அனோஜினியின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, தேத்தண்ணியை அந்தப் பக்கமாச் சுத்தக்கூடாது."

சொல்லிவிட்டு ஒரு துணியை எடுத்துக்கொண்டு, மின்விசிறியின் பின்பக்கத்தைத் துடைக்க மாடிக்குப் போய்விட்டார்.

"அக்கா... மாலை..." என்றாள் அனோஜினி.

"ஐயோ, அது விம்பிள்டன் கோயில்ல காருக்குப் பூசை செய்தப்ப, காருக்குப் போட்ட பிளாஸ்ரிக் மாலை. எறிய மனமில்லாமல் அவரே தன்ர படத்தில கொழுவி வச்சிருக்கிறார்." சிவகௌரி குரலைத் தாழ்த்தினாள். "வேலையும் விட்டாச்சு, காரும் முடிஞ்சுது. இனி அந்தக் காரில அவருக்கு ஒரு ஆசையுமில்லை. எட்டு மாசமா வீட்டுக்குள்ளதான். முதல் குசினியைத் திருத்தினார், இப்ப என்னைத் திருத்துறார். ரிமோட்டும் அவரிட்டத்தான்."

"ரிமோட்டுமோ?"

"ஓம். பிறேக் பிடிக்கிறது எப்பிடி எண்டு படம் பாக்கிறார். நான் நாடகம் பாத்து எட்டு மாசம்."

அந்த நேரம் துஷாந்தன் ஓடி வந்தான். காரிடம் போய்வந்த அவன் முகத்தை, ஆறு வருடத்தில், எண்ணெய்க் கறையில்லாமல் இவ்வளவு துப்புரவாக அனோஜினி பார்த்ததில்லை.

"அனோ, நீ சொன்னதுதான் சரி! வாங்குவம். இண்டைக்கே எங்கட மஸ்டாங் கறளை இரும்புக்காரனிட்டக் குடுத்திடுவன். இனி நான் கராஜ் பக்கமே போகமாட்டன். விடிஞ்சதில இருந்து படுக்கிற வரைக்கும் உன்னோடதான்!"

சிவகௌரி அனோஜினியின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்தாள். மாடியில் ஏதோ கழன்று விழுந்த சத்தம் கேட்டது.

"தங்கச்சி, உங்களைக் கும்பிடுறன். அந்தக் கறளை இரும்புக்காரனிட்டக் குடுக்காதேங்கோ, எனக்குத் தாங்கோ, இவர் திரும்பக் கராஜுக்குள்ள போகட்டும். இந்தக் காரைப் பாதி விலைக்குத் தாறன்."

அனோஜினி மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். கணவனின் சேட்டுக் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தபடி சொன்னாள்:

"எங்கட கறள் விக்கிறதுக்கில்லை, அக்கா."