துடைத்தாலும் போகாத சிரிப்பு

"என் காசெல்லாம் இந்த கிரிப்டோ காயின்லதான்" என்று வீடியோவில் சிரித்த நாளிலிருந்து நடிகர் மகிழ்மாறனின் முகத்தைவிட்டுச் சிரிப்பு இறங்கவே இல்லை. மாமனார் சாவுக்கும் அதோடுதான் போய் நின்றார். காயின் கம்பெனி கம்பி நீட்டியதும் விசாரணைக்கு அழைப்பு வந்தது. அதற்குள் சிரிப்பை அழித்துவிட, அவருடைய ஒப்பனைக்காரர் தணிகாசலம் தேங்காய் எண்ணெய் விட்டு முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் மகளின் கல்யாணக் காசை அவரும் அதில் போட்டிருந்தார்.

"அப்படிச் சொல்றதுக்குக் காசு வாங்கினீங்களாண்ணே?"

"சல்லிக்காசு வாங்கல தணிகா. ஏதோ, நாலு பேருக்கு நல்லது சொன்னேன்."

சொன்னதும் சிரிப்பு காதுவரை அகன்றது. சும்மா சிரித்தால் அவருக்கு இடது கன்னம் மட்டும்தான் குழியும். கூலிக்குச் சிரித்தால் இரண்டும் குழியும். தணிகாசலம் இரண்டு குழிகளையும் பார்த்தார்.

"வாங்கினத மறைச்சா கேஸாமேண்ணே?"

"அதான் சீக்கிரம் துடைங்கறேன்."

தணிகாசலம் பாதி நிறைந்திருந்த பாட்டிலை மூடினார்.

"எண்ணெய் தீந்துபோச்சுண்ணே."