மூக்கையா தூக்கின கை

"ஒங்கட மெம்பர் கை தூக்கிட்டாரு, மருதாயி அக்கா!"

சந்திக் கடை இப்றாஹிம் நானா சீனியைச் சுத்திக் கொடுத்துக்கிட்டே சொன்னாரு.

"எதுக்கு நானா தூக்குனாரு?"

"டவுன் குப்பைய ஒங்கட தோட்டத்துக்கு மேல கொண்டு போய்க் கொட்டத்தான். பிரதேச சபை கடன் வாங்கி குப்பை பிரிக்கிற யார்டு கட்டப் போகுது. மத்த மெம்பர்மாரே யோசிச்சிக்கிட்டு இருந்தாங்க. மொதக் கை மூக்கையாட கை."



மூக்கையா அண்ணன் எங்க லயத்து வரிசையில கடைசிக் காம்பரா அறைக்காரரு. ரோடு போட்டுத் தாறேன்னு சொல்லித்தான் எங்ககிட்ட ஓட்டு வாங்குனாரு.

அந்த ரோடுதான் எனக்கு உசுரு. என் மக ஜீவராணிக்கு அப்ப வயித்துல நாலு மாசம். போன தடவை வலி வந்தப்ப, அந்த மூணு மைலு கல்லு ரோட்டுல ஒரு வேன்காரனும் ஏற மாட்டேன்னுட்டான். கம்பளியில போட்டுத் தூக்கிக்கிட்டு எறங்குனோம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள புள்ளை செத்துருச்சு.

ரோடு கேட்டு மூணு பெட்டிசம் குடுத்தோம். மூணுக்கும் ஒரே பதிலு. தோட்டத்து ரோடு தோட்டக் கம்பெனிக்குச் சொந்தமாம். சபைக் காசை அதுக்குச் செலவழிக்கச் சட்டத்துல எடமில்லையாம்.

ரோடு கேட்டா, குப்பை வாங்கித் தந்திருக்காரு மகராசன்!

அன்னைக்குச் சாயங்காலமே வீட்டுக் குப்பை அத்தனையையும் ஒரு கூடையில அள்ளிக்கிட்டுப் போயி அவரு வாசல்ல கொட்டுனேன். பின்னால நாலு பொம்பளைங்களும் கொட்டுனாங்க.

"இந்தாங்கண்ணே, டவுன் குப்பை வர்ற வரைக்கும் இத வச்சிக்குங்க!"

மனுசன் குத்த வச்சு உக்காந்து, குப்பையைப் பிரிக்க ஆரம்பிச்சாரு.

"யார்டு வந்தா இப்பிடிக் கலந்து போடக் கூடாது, தங்கச்சி. சிலிசிலி பிளாஸ்டிக் பேக் தனி, மரவள்ளித் தோலு தனி."

"வெக்கமா இல்ல?"

அவரு மரவள்ளித் தோலைத் தனியா ஒதுக்கிக்கிட்டே இருந்தாரு.

அன்னைக்கோட அவருகூடப் பேச்சை நிப்பாட்டிட்டேன். பைப்படியில எதிர்ல வந்தாலும் மூஞ்சியத் திருப்பிக்குவேன். ஜீவராணிதான் "பாவம்மா அவரு"ம்பா. "நீ வாய மூடு"ன்னு அவளுக்கும் ஒரு ஏச்சு.

மூணு மாசத்துல கல்லு வந்துச்சு, ரோலர் வந்துச்சு. தார் நாத்தமே தாங்கல, இதுல குப்பை நாத்தம் வேறயான்னு கரிச்சுக் கொட்டுனேன். குப்பை வண்டியும் வந்துச்சு. மலைக்கு அந்தப் பக்கந்தான் கொட்டுனாங்க, லயத்துக்கு ஒரு நாத்தமும் வரல. அதையும் நான் ஒத்துக்கல.

ஒம்பதாம் மாசம், அடை மழை. விடியக்காலையில ஜீவராணிக்கு வலி வந்துருச்சு. மருமகன் குடையக்கூட எடுக்காம வேன் தேடி ஓடுனான்.  பழைய ஞாபகத்துல கம்பளியத்தான் மொதல்ல எடுத்தேன்.

வாசல்ல ஹாரன் சத்தம்.

எட்டிப் பாத்தா, லயத்து வாசப்படியிலயே வேன் நிக்குது! முன் சீட்டுல இருந்து மூக்கையா அண்ணன் குதிக்கிறாரு.

"கம்பளிய வை தங்கச்சி. புள்ளைய ஏத்து!"

இருவது நிமிசத்துல ஆஸ்பத்திரி. எட்டு மணிக்கெல்லாம் பேத்தி வீல்னு கத்துனா. அவளை விட நான்தான் சத்தமா அழுதேன். முருகா, ஒம்பது மாசமா அடைச்சிக்கிட்டு இருந்த மூச்சு அப்பத்தான் வெளிய வந்துச்சு.

வார்டு வாசல்ல அண்ணன் தொப்பலா நனைஞ்சு நின்னாரு. குப்பை வண்டி ஏறணும்னுதான் சபை அந்த ரோட்டையே போட்டுச்சுன்னு எனக்கு அப்பத்தான் மண்டையில ஏறுச்சு.

"ரோட்டுக்காகத்தான் கை தூக்குனேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லண்ணே? பாவி நான், குப்பையக் கொட்டுனேனே!"

அவரு சிரிச்சாரு.

"சொல்லியிருந்தா நீங்க எல்லாரும் மாலையத் தூக்கிக்கிட்டு சபைக்கே வந்திருப்பீங்க. அவங்க அப்பவே ஃபைலை மூடியிருப்பாங்க."

"ஏன் மூடணும்?"

"தோட்டத்து ஆளுக்கு ரோடு போடத்தான் சட்டத்துல எடமில்ல தங்கச்சி. குப்பைக்கு இருந்துச்சு."