மேல்கம்பி

"கம்பி திருடினவனை நல்லவன்னு நான் எழுதிக் கொடுக்கணுமா? எந்த ஊர் நியாயம்பா இது?"

ரகுநாதன் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜை தீப்தி நிமிர்ந்து பார்த்தாள். அவரிடம் வேலை பழகும் ஜூனியர் இன்ஜினீயர் அவள்.

எதிரே முருகேசு நின்றான். யாழ்ப்பாணத்துக்காரன். ஐம்பதைத் தொடும் வயது. ஜெர்மனியில், டோர்ட்மண்டில் ரகுநாதனின் சைட்டில் கம்பி கட்டிக்கொண்டிருந்தவன், இந்த ஏழு வருஷமாக ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவுகிறான்.

"வேறை ஒரு கொம்பனி என்னை எடுக்கிறம் எண்டு சொல்லுது சேர். பழைய இடத்திலையிருந்து ஒரு கடிதம் வேணுமாம். நீங்கள் வெள்ளிக்கிழமையோடை பென்சனிலை போறீங்களாம். பிறகு நான் ஆரிட்டைப் போறது?"

"அந்த ஞாயித்துக்கிழமை, ஆள் இல்லாத கட்டடத்துல, தோள்ல துண்டுக் கம்பி மூட்டையோட செக்யூரிட்டிகிட்ட மாட்டினியே. அங்க என்ன பண்ணிட்டிருந்தே? அதை மட்டும் சொல்லு, இப்பவே எழுதித் தர்றேன்."

முருகேசு தலையைக் குனிந்துகொண்டான். "அதைச் சொல்ல ஏலாது சேர். ஆனா நான் களவெடுக்கேல்லை. என்ரை பிள்ளையளாணை."

"சொல்ல முடியாதாம்! கேட்டியா தீப்தி?"

"வெளியிலை நிக்கிறன் சேர். ஒருக்கா யோசியுங்கோ."

அவன் போன பிறகும் ரகுநாதனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எப்படி அடங்கும்? இவன் அகதியாக வந்து நடுத்தெருவில் நின்றபோது, தமிழன் ஆயிற்றே என்று மேலதிகாரியிடம் மன்றாடி வேலை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். சோறு போட்ட இடத்திலேயே கை வைத்தால் வயிறு எரியாதா? அன்றைக்கே சீட்டைக் கிழித்து அனுப்பிவிட்டார்.

"முப்பத்தி நாலு வருஷம்மா. ஆஸ்பத்திரி, ஸ்டேடியம், பதினெட்டு மாடி ஆபீஸ்னு எத்தனை கட்டியிருக்கேன்! எங்கயாவது ஒரு விரிசல் காட்டு பார்ப்போம். ஏன் தெரியுமா? நானே மேல ஏறி, கம்பியைக் கண்ணால பார்க்காம காங்கிரீட் ஊத்தக் கையெழுத்துப் போட்டதே கிடையாது."

"அந்த முதியோர் இல்லத்துலதான் சார் ஒரு டவுட்" என்று தயங்கினாள் தீப்தி.

முருகேசு பிடிபட்ட அதே கட்டடம். பால்கனிகளுக்கு இப்போது கண்ணாடி அடைக்கப் போகிறார்கள். பாரம் தாங்குமா என்று, கருவி வைத்து உள்ளேயிருக்கும் கம்பிகளை அளந்துவிட்டு நேற்றுத்தான் வந்திருந்தாள்.

"ஏன், கம்பி சரியா இல்லையா?"

"டிராயிங்ல இருக்கற மாதிரியே கனகச்சிதமா இருக்கு சார். அதான் புரியல. இந்த போட்டோவைப் பாருங்க."

பழைய ஃபைலில் இருந்த படம். எலெக்ட்ரீஷியன் எடுத்தது. ஆறாவது மாடி பால்கனி. மூலையில் சனிக்கிழமைத் தேதி. மேல்கம்பி அத்தனையும் மிதிபட்டு அடியில் படுத்துக் கிடந்தது.

சுவரிலிருந்து நீட்டி நிற்கும் பால்கனிக்கு உயிரே மேல்கம்பிதான். அது கீழே இறங்கியிருந்தால், நாலு கிழவர்கள் காபி குடிக்க உட்கார்ந்த ஒருநாள் மொத்தமும் இடிந்து விழும். கல்லூரியில் கால் வைத்தவனுக்கே தெரிந்த விஷயம்.

"அதே சனிக்கிழமை 'பார்த்தேன், சரி'ன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. திங்கட்கிழமை காலைல காங்கிரீட். நடுவுல யாரோ ஏறி, துண்டுக் கம்பியா முட்டுக் கொடுத்து, ஒவ்வொண்ணாத் தூக்கிக் கட்டியிருக்காங்க."

நடுவில் இருந்தது ஞாயிற்றுக்கிழமை.

ரகுநாதன் படத்தைக் கிட்டத்தில் பிடித்து இன்னொரு தடவை தேதியைப் பார்த்தார். அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. தமிழ்ச் சங்கத் தீபாவளி விழாவுக்கு அவர்தான் தலைமை. மேலே ஏறாமல், கீழே ஆபீசில் உட்கார்ந்தபடியே கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடினார். விழா நேரத்தில் முருகேசு இரண்டு தடவை போன் செய்தான். அவர் எடுக்கவில்லை. மறுநாள் அவன் பிடிபட்ட சேதிதான் வந்தது.

வாயைத் திறந்திருந்தால் முருகேசுவின் வேலை தப்பியிருக்கும், ரகுநாதனின் வேலை போயிருக்கும். அடப்பாவி, ஏழு வருஷம் கோப்பை கழுவினாயே தவிர, ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தார். முருகேசு இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான்.

"யார் சரி பண்ணினாங்கன்னு ரிப்போர்ட்ல எழுதணும் சார்."

ரகுநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெள்ளிக்கிழமை பாராட்டு விழா. பெரிய முதலாளியே வருகிறார். ஊரெல்லாம் அழைப்பு போயிருக்கிறது.

"நான்தாம்மா. அந்த போட்டோ எடுத்தப்புறம் நானே மேல ஏறிப் பார்த்து, ஆள் வெச்சுத் தூக்கிக் கட்டினேன். அதுக்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்."

"கிரேட் சார்!" தீப்தி நிஜமாகவே நெகிழ்ந்துபோய் எழுதிக்கொண்டாள். "வெளியில நிக்கறவருக்கு என்ன சொல்லட்டும்?"

"போகச் சொல்லு. திருடனுக்கெல்லாம் நல்லவன்னு எழுதிக் கொடுத்தா, அப்புறம் என் கையெழுத்துக்கு என்னம்மா மதிப்பு?"