வறுத்த மணல்

ஒப்பந்தப்படி, முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய்க் காடுகளுக்கும் கென்யாவின் துர்கானா சோளக் காடுகளுக்கும் மழை பொது. நிலத்தில் நட்ட, ஈரம் அளக்கும் கம்பி எந்த ஊரில் அதிகம் காய்ந்திருக்கிறதோ, அங்கேதான் மேகத்தை இறக்குவார்கள்.

இந்த முறை முனீஸ்வரியின் காட்டில் இறக்கினார்கள்.

"துர்கானாவுல நமக்கு ஜோடி சேர்த்த வீட்டுக்காரி நகிரு கூப்பிடுறா," என்று புருஷன் கருமலை போனை நீட்டினான். "கம்பிப் பக்கம் மட்டும் காட்டிராத."

கடலை வறுக்கிற மணலை இரும்புச் சட்டியில் காய்ச்சி, மூன்று நாளாகக் கம்பியைச் சுற்றிக் கொட்டியவள் முனீஸ்வரிதான். யோசனையும் அவளுடையதே. கருமலை வேண்டாமென்றுதான் சொன்னான்.

திரையில் நகிரு சிரித்தாள். அவளுக்குப் பின்னால் சோளப் பயிர் சுருண்டு நின்றது. அவள் பேச்சைப் போன் தமிழில் சொன்னது.

"மழை பெய்யுதாக்கா? எங்க ஊரே பார்க்க வந்திருக்கு. கையை வெளிய நீட்டுங்க, துளி விழுறதப் பார்க்கணும்."

முனீஸ்வரி தயங்கித் தயங்கி நீட்டினாள். மழை உள்ளங்கையில் விழுந்து தெறித்தது. அந்தப் பக்கம் எல்லோரும் கைதட்டினார்கள். நகிரு மட்டும் திரைக்கு அருகே குனிந்தாள்.

"ஐயோ, விரலெல்லாம் கொப்புளமா இருக்கே!"

"சுட்டுருச்சும்மா." கையைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டாள்.

நகிரு ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அங்க வெயில் அவ்வளவு கொடுமையாக்கா? அடுத்த மழையையும் நீங்களே வச்சுக்கோங்க."