கசிந்த கடிதம்

தையல் ஆலை மேனேஜருக்கு யார்மீதும் நம்பிக்கை இல்லை. பேறுகால விடுப்பு கேட்டுப் பெண்கள் சங்கம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எவளெவளை வேலையைவிட்டுத் தூக்கலாம் என்று முதலாளிக்கு அவர் எழுதும் ரகசியக் கடிதம், உறைக்குள் போவதற்கு முன்பே சங்கத்துக்குத் தெரிந்துவிடுகிறது!

டைப்பிஸ்டை மாற்றினார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொன்னபடி தானே எழுதினார். அப்படியும் கசிந்தது.

அந்த நேரங்களிலும் தரை துடைப்பவளை மட்டும் அறைக்குள் விட்டிருந்தார். ஆலையிலேயே கைநாட்டு அவள் ஒருத்திதான்.

"உனக்கு யார் மேலம்மா சந்தேகம்?"

"படிச்சவங்க யாராவதுதான் சார் இருக்கும். எனக்கென்ன தெரியும்?"

அன்றைய தபாலில், சங்கம் பதிவாகிவிட்டதாக ஒரு கடிதம் வந்தது. மேனேஜர் பதறிப்போய்ப் படித்தார்.

"இப்படிக்கு... செயலாளர், கையெழுத்து. பொருளாளர், கையெழுத்து. தலைவி..."

அந்த இடத்தில் நீல மையில் ஒரு கட்டைவிரல் ரேகை.

மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

அவள் துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க? எப்பவும்போல சத்தமாப் படிங்க. எனக்குத்தான் படிக்கத் தெரியாதே!"